அருவிக்குப் போன மதிப்பீட்டுக் குழு

போன மாதம் ஒரு நாள் காலையில், பட்டுப் புடவை கட்டிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி, அங்கிருந்து ஒரு வராந்தாவுக்குத் தாவினேன். எனக்கு ஐம்பத்தாறு வயது. மூட்டு வலி உண்டு.

ஏன் தாவினேன்? படி இல்லை. இருந்த படிகளின் மேல் சக்கர நாற்காலி ஏறுவதற்காகச் சிமென்ட் சரிவு போட்டிருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம்தான் பூசியிருக்கிறார்கள். குற்றாலச் சாரலில் சிமென்ட் எங்கே காயும்? குறுக்கே கயிறு கட்டி, 'ஈரம் – மிதிக்காதீர்கள்' என்று அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். ஆக, மாற்றுத் திறனாளிகளுக்காகக் கட்டிய வழியில் அன்றைக்கு யாருமே ஏற முடியவில்லை.

எனக்கு முன்னால் எங்கள் குழுத் தலைவரை இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி ஏற்றினார்கள். ஏறியதும் அவருக்குப் பொன்னாடை போட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். அவர் அந்தச் சரிவைப் பார்த்து, "வெரி குட்... ரேம்ப் இருக்கு" என்று கையிலிருந்த தாளில் ஒரு டிக் போட்டார்.

எனக்கு எரிச்சல் தொடங்கியது அங்கேதான். இன்னும் தீரவில்லை.

விஷயம் இதுதான். தென்காசிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. பெயர் வேண்டாம், பெயரைச் சொன்னால் நாளைக்கே யாராவது ஸ்வீட் பாக்ஸோடு வீட்டு வாசலில் நிற்பார்கள். அங்கே சிறப்புக் கல்வியில் முதுகலைப் படிப்பு நடக்கிறது. பேச வராத, கேட்க முடியாத, எதையும் மெதுவாகவே கற்றுக்கொள்ளக்கூடிய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தர ஆசிரியர்களை உருவாக்கும் படிப்பு. அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்து அறிக்கை தர மூன்று பேர் குழு. சென்னையிலிருந்து ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் – அவர்தான் தலைவர். மதுரையிலிருந்து ஒரு பேராசிரியர். மூன்றாவதாக, 'குடும்பங்களின் பிரதிநிதி' என்ற பெயரில் நான்.

என்னை ஏன் போட்டார்கள் என்பது இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில் என் தம்பி ராஜு இருக்கிறான். நாற்பத்தொன்பது வயது, நாலு வயதுப் பிள்ளையின் மனசு. அவனைப் பற்றி எழுதி எழுதித்தானே நான் உங்களிடம் பெயர் வாங்கினேன். கடிதம் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ராஜு மாதிரிப் பிள்ளைகளுக்கு நல்ல வாத்தியார் கிடைப்பதற்கு நாமும் ஒரு வார்த்தை சொல்லப் போகிறோம் என்று நினைத்தேன். புதுப் பேனா கூட வாங்கினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் சாயங்காலமே குற்றாலத்தில் ரூம் போட்டிருந்தார்கள். எனக்கு வீடு தென்காசியில், ரூம் எதற்கு? ஆனாலும் கலந்து பேசிக்கொள்ளலாமே என்று போனேன். தலைவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "மேடம், நீங்க லோக்கல்தானே... மெயின் அருவியில தண்ணி எப்படி?"

சொன்னேன். இரண்டாவது கேள்வி, "ஐந்தருவியில?"

மூன்றாவது கேள்வி வருவதற்குள் மதுரைக்காரர், எண்ணெய் மசாஜுக்கு நல்ல ஆள் யார் என்று கேட்டுவிட்டார். சீசன் நேரத்தில் மதிப்பீட்டுத் தேதி எப்படி விழுந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

சரி... மறுநாள் காலைக்கு வருவோம்.

துறைத் தலைவர் எங்களை ஒரு ஹாலில் உட்கார வைத்தார். நீள மேஜை. மேலே ஃபைல்கள்... ஃபைல்கள்... கலர் கலராக லேபிள். அவர் நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். நிமிஷத்துக்கு ஒரு தரம், "நம்ம டிபார்ட்மென்ட்டுக்குக் குழந்தைங்கதான் மேடம் உயிர்" என்றார். முந்திரிப் பருப்புத் தட்டை என் பக்கம் நகர்த்திக்கொண்டே இருந்தார்.

நான் ஒரு ஃபைலை எடுத்தேன். மாணவர்கள் சிறப்புப் பள்ளிக்குப் போய்ப் பயிற்சி எடுத்த வருகைப் பதிவேடு. இந்தப் படிப்புக்கு அதுதானே முதுகெலும்பு? நீச்சலைப் புத்தகத்தில் படித்துவிட்டுக் குளத்தில் குதிக்க முடியுமா? பதிவேடு சுத்தமாக இருந்தது. ஒருவர் கூட ஒரு நாள் கூட லீவு போடவில்லை. எல்லாக் கையெழுத்தும் ஒரே பச்சை மையில், ஒரே சாய்வில். பக்கத்தைப் புரட்டினால் தீபாவளி அன்றைக்கும் எல்லோரும் ஆஜர்.

"சார், தீபாவளிக்கு எந்தப் பள்ளிக்கூடம் திறந்திருந்தது?" என்று கேட்டேன்.

அவர் ஒரு விநாடி கூடத் தயங்கவில்லை. "டெடிகேஷன் மேடம்!" என்றார்.

தலைவர் தலையாட்டினார். மதுரைக்காரர் போனில் இருந்தார்.

உபகரண அறையைக் காட்டினார்கள். பிரெய்ல் புத்தகங்கள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தன. தொட்டுப் படிக்க வேண்டிய புத்தகத்தை உறை போட்டு வைத்தால் யார் படிப்பது? கேட்டேன். "தூசி படக்கூடாது பாருங்க மேடம்" என்றார்கள். நான் புதுப் பேனாவை மூடிக் கைப்பையில் போட்டுவிட்டேன்.

பதினொரு மணிக்கு மாதிரி வகுப்பு. மாணவர்களில் ஒருவர் நிஜக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். நாங்கள் பார்த்து மார்க் போட வேண்டும். எட்டுக் குழந்தைகள் வந்து உட்கார்ந்தார்கள், இரண்டு ஆயாம்மாக்களோடு. துறை தத்தெடுத்த பள்ளியின் குழந்தைகள் என்று அறிமுகம் செய்தார்கள்.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. எட்டுப் பிள்ளைகள் தலையிலும் வழிய வழிய எண்ணெய். எட்டுத் தோளிலும் துண்டு. ஆளுக்கு ஒரு மஞ்சள் பை. எட்டிப் பார்த்தால் மாற்றுத் துணி. பாடம் படிக்க வருகிற பிள்ளைக்குத் துண்டு எதற்கு?

பாடம் நடத்த வந்தவள் பெயர் கனகா. முப்பத்தைந்து வயதிருக்கும். பிறந்தது ராயகிரி, வாழ்க்கைப்பட்டது ஆலங்குளம். ஏற்கெனவே ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியை. இந்தப் பட்டம் இருந்தால் சிறப்பு ஆசிரியை வேலைக்கு மனுப் போடலாம் என்று வந்து சேர்ந்திருக்கிறாள். நிறங்களைப் பற்றிய பாடம். லேப்டாப், ப்ரொஜெக்டர், திரையில் சிவப்பாக ஓர் ஆப்பிள்.

"இது என்ன கலர்?" என்றாள் கனகா.

முன் வரிசையில் பத்து வயதுப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள். பெயர் இசக்கி. பையை மார்போடு அணைத்திருந்தாள். "அருவிக்கு எப்பம் போவோம்?" என்று கேட்டாள்.

"இது என்ன கலர், இசக்கி?"

"அருவிக்கு எப்பம் போவோம்?"

தலைவர் உதவிக்கு வந்தார். "பாப்பா, உங்க டீச்சர் பேர் என்ன, சொல்லு பார்ப்போம்?"

"அருவிக்கு எப்பம் போவோம்? துண்டு இருக்கு. எண்ணெ தேச்சாச்சு. அருவிக்கு எப்பம் போவோம்?"

குரல் ஏறிக்கொண்டே போனது. கையால் தொடையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். பின்னால் இன்னும் இரண்டு பிள்ளைகள் சிணுங்கின. துறைத் தலைவருக்கு நெற்றியெல்லாம் வேர்வை. ஆயாம்மாவைப் பார்த்து, வெளியே கூட்டிக்கொண்டு போகும்படி ஜாடை காட்டினார். ஆப்பிள் மட்டும் திரையில் ஜம்மென்று நின்றது.

அப்போது கனகா லேப்டாப்பை மூடினாள்.

மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாள் எடுத்து, இசக்கியின் பக்கத்தில் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். நாலு கட்டம் போட்டாள். முதல் கட்டத்தில் ஒரு வகுப்பு. இரண்டாவதில் சாப்பாட்டுத் தட்டு. மூன்றாவதில் வேன். நாலாவதில் மலையிலிருந்து கோடு கோடாகத் தண்ணீர். ஒவ்வொன்றையும் வரைந்து, இசக்கியின் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தாள். "இப்பம் இங்கன இருக்கோம். பொறவு சோறு. பொறவு வேன். பொறவு அருவி. என்ன?"

இசக்கி தாளைப் பார்த்தாள். விரலை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினாள். நாலாவது கட்டத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு பையைத் தானே கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கனகா அவள் தோளிலிருந்த துண்டை எடுத்து, "இது என்ன கலர்?" என்றாள். "பச்சை" என்றாள் இசக்கி. அடுத்த பிள்ளையின் துண்டு நீலம். அதற்கடுத்தது சிவப்பு. எட்டுத் துண்டிலேயே பாடம் முடிந்துவிட்டது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிப்பானேன்? ராஜுவுக்கு ஆறு வயதில் இப்படி ஒரு டீச்சர் கிடைத்திருந்தால் என்று நினைத்தேன். அந்தப் படிப்பில் நான் பார்த்த ஒரே சிறப்புக் கல்வி அந்தக் கால் மணி நேரம்தான்.

மார்க் போடும் தாளைப் பார்த்தேன். 'ப்ரொஜெக்டரைப் பயன்படுத்தினாரா?' 'கரும்பலகைக் கையெழுத்து எப்படி?' 'பாடத் திட்டத்தைப் பின்பற்றினாரா?' தலைவர் வரிசையாகச் சைபர் போட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் கனகாவைப் பிடித்தேன். அருவி என்ன கதை என்று கேட்டேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இந்தப் பிள்ளையளை இவங்க தத்தெல்லாம் எடுக்கல மேடம். ஆலங்குளத்துப் பக்கம் சின்னப் பள்ளிக்கூடம். ரெண்டு வருசமா ஒருத்தரையும் அங்கன ட்ரெயினிங்குக்கு அனுப்பல. நான்தான் சும்மா, சனிக்கிழமை சனிக்கிழமை போயிட்டு வாரேன். இன்னைக்குக் காட்டுறதுக்குப் பிள்ளைங்க வேணும்னு சார் கேட்டாங்க. சும்மா கூப்பிட்டா பெத்தவங்க விட மாட்டாங்க, 'குத்தாலத்துக்குக் குளிக்கக் கூட்டிட்டுப் போறோம்னு சொல்லு'ன்னாங்க. சொன்னேன். அதான் எல்லாம் எண்ணெ தேச்சு வந்துருக்குதுங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு... வேண்டாம், அச்சில் போட முடியாது.

மத்தியானம் சாப்பாடு முடிந்தது. பாயசம் இரண்டு வகை. அதன் பிறகுதான் கிளைமாக்ஸ். துறைத் தலைவர் வந்து, "சார், வேன் ரெடி. இப்போ கிளம்பினா ஐந்தருவியில கூட்டம் கம்மியா இருக்கும்" என்றார்.

வேன் எங்களுக்கு! அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குளிக்கப் போகிறோமாம். வளாகத்தில் இருப்பது ஒரே வேன். அப்படியானால் பிள்ளைகள்?

"அவங்களை டவுன் பஸ்ல ஏத்திவிட்டுடலாம் மேடம். அருவிக்கு இன்னொரு நாள்..."

சீசன் கூட்டத்தில், ஞாயிற்றுக்கிழமைச் சந்தை மாதிரி பிதுங்கும் பஸ்ஸில், எட்டுப் பிள்ளைகளை!

கனகா குறுக்கே வந்து நின்றாள். நாங்கள் போடுவது துறைக்கு மார்க்; அவளுடைய செய்முறை மார்க் முழுக்கத் துறைத் தலைவர் கையில். அது அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் நகரவில்லை.

"சார், நான் அவளுக்குப் படம் போட்டுக் காட்டிட்டேன். நாலாவது படம் அருவி. அவ பேச்சை நம்ப மாட்டா, படத்தைத்தான் நம்புவா. அதை நம்ப வைக்கவே எனக்கு எட்டு மாசம் ஆயிருக்கு. இன்னைக்கு அது பொய்யின்னு ஆச்சுன்னா, இனிமே நான் என்னத்தை வரைஞ்சாலும் திரும்பிப் பாக்க மாட்டா சார்."

"ஒரு நாள் ஏமாந்தா ஒண்ணும் ஆகாதும்மா. குழந்தை மறந்துடும்" என்றார் எங்கள் குழுத் தலைவர். சிறப்புக் கல்வியில் டாக்டர் பட்டம் வாங்கியவர்!

மறக்குமா? எங்கள் ராஜுவுக்குப் பதினாலு வயதில் பல் வலி. தேர் பார்க்கப் போகிறோம் என்று சொல்லி அப்பா அவனை ஆட்டோவில் ஏற்றினார். இறக்கியது பல் டாக்டர் வாசலில். அன்றைக்கு இறங்கியவன்தான், இன்றுவரை ஆட்டோவில் ஏறியதில்லை. காய்ச்சல் என்றாலும் ஆஸ்பத்திரிக்கு நடந்தேதான் வருவான். தேரோட்டத்தன்று வாசல் கதவைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்துகொள்வான். அப்பா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அந்த ஒரு பொய் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

அறிக்கையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்கள். நாங்கள் எழுத வேண்டிய அறிக்கை. "உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு நாங்களே டைப் பண்ணிட்டோம் மேடம்" என்றார் துறைத் தலைவர், பிறந்தநாள் பரிசு தருகிற முகத்தோடு. அவர்கள் நடத்திய பரீட்சைக்கு அவர்களே விடை எழுதி, மார்க்கும் போட்டு வைத்திருந்தார்கள். நான் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். ஆறு மணிக்குள் கம்ப்யூட்டரில் ஏற்றியாக வேண்டுமாம். மூன்று பேர் கையெழுத்தும் இல்லாமல் ஏறாதாம்.

பேனாவை எடுத்தேன். மேஜை மேல் வைத்தேன்.

"வேன் பிள்ளைகளோடு அருவிக்குப் போகட்டும். திரும்பி வந்து போடுகிறேன்" என்றேன்.

தலைவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "மேடம், இதெல்லாம் நம்ம கமிட்டி வேலை இல்லையே" என்றார். ஐந்தருவியில் குளிப்பது மட்டும் கமிட்டி வேலையா என்று கேட்டேன். மதுரைக்காரர் அன்றைக்கு முதல் தடவையாகப் போனிலிருந்து தலையைத் தூக்கினார்.

டிரைவர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்கு என்னக்கா... எந்த அருவின்னு சொல்லுங்க, கொண்டு விட்டுருதேன்" என்றார். புலியருவி என்றேன். அங்கே தண்ணீர் மெதுவாக விழும். சின்னப் பிள்ளைகளுக்குப் பயமில்லை.

போனோம். கனகா, இரண்டு ஆயாம்மா, எட்டுப் பிள்ளைகள், நான். கடைசி நிமிஷத்தில் துறையின் போட்டோகிராபரும் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். இசக்கி நேராகப் போய்த் தண்ணீருக்கு அடியில் நின்றாள். சிரிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை... கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். அரை மணி ஆயிற்று. ஆயாம்மா கூப்பிட்டுப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. கனகா இன்னொரு தாளில் வேனை வரைந்து கொண்டுபோய்க் காட்டினாள். மறுபேச்சில்லாமல் வெளியே வந்து, தலை துவட்டச் சொல்லி என் முன்னால் வந்து நின்றாள். நான் துவட்டினேன். போட்டோகிராபர் க்ளிக்கினார்.

திரும்பி வந்து கையெழுத்துப் போட்டேன். ஆமாம், போட்டேன். பதிவேடு பொய், குழந்தைகள் இரவல், படிப்பு வெறும் காகிதம் என்று என் கைப்பட ஒரு பக்கம் எழுதி, அதையும் இணைத்தால்தான் கையெழுத்து என்று சொல்லிப் போட்டேன். இருந்தாலும் ஒரு வேன் சவாரிக்கு விலையாக என் கையெழுத்தைக் கொடுத்தேன் என்பது நிஜம். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சலாக வருகிறது. வேறு என்ன செய்திருக்கலாம் என்று யாராவது எழுதுங்கள், நிஜமாகவே கேட்கிறேன்.

போன வாரம் அறிக்கையின் நகல் மெயிலில் வந்தது. துறைக்கு இருப்பதிலேயே உயர்ந்த கிரேடு. நான் எழுதிய பக்கத்தைத் தேடினேன். 'இணைப்பு – 7' என்று பட்டியலில் இருக்கிறது. இணைப்பு ஆறோடு மெயில் முடிந்துவிட்டது.

'சிறந்த நடைமுறைகள்' என்று ஒரு பகுதி. அதில் முதலாவதாக... 'சிறப்புக் குழந்தைகளுக்கு இயற்கைச் சூழலில் நீர்வழிச் சிகிச்சை அளிக்கும் முன்னோடித் திட்டம்'. கூடவே கலர் போட்டோ. பட்டுப் புடவை நனைய, இசக்கிக்குத் தலை துவட்டிக்கொண்டிருப்பது சாட்சாத் நான்! கீழே, 'சிகிச்சையைப் பார்வையிட்டு வியந்த குழு உறுப்பினர்'.

கனகாவுக்குப் போன் போட்டேன். செய்முறை மார்க் வந்துவிட்டதாம். வகுப்பிலேயே கடைசி. பாஸ் ஆகிவிட்டாள், ஆனால் வேலைக்கு மனுப் போடும் அளவுக்கு மார்க் இல்லை. திரும்ப எழுத ஒரு வருஷம் ஆகும். என்னால்தானே இது என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் விடவில்லை.

"மார்க் கெடக்கு மேடம், அடுத்த வருசம் வாங்கிக்கிடுதேன். போன சனிக்கிழமை இசக்கிக்குப் பல்லுப் புடுங்கணும். நாற்காலியை வரைஞ்சேன், டாக்டரை வரைஞ்சேன், பல்லையும் வரைஞ்சேன். வலிக்கும்னு முகத்துல கண்ணீரும் வரைஞ்சேன். பாத்துட்டு, அவளாவே போயி நாற்காலியில ஏறி உக்காந்துட்டா."

போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் ராஜுவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பத்தியையும் வெட்டி, 'ஊடகப் பாராட்டு' என்று லேபிள் ஒட்டி ஃபைலில் சேர்த்துவிடுவார்கள்; எனக்குத் தெரியும். சேர்க்கட்டும். ஒரு தடவையாவது படித்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள், சார்!